ஐந்து நிமிட ரயிலும் இரண்டு நாடுகளும்: ‘ஷட்டில் தெப்ராவ்’ சேவை குறித்த மதிப்புரை

மலேசியாவின் ஜோகூர் பாரு சென்ட்ரல் நிலையத்துக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடிக்கும் இடையே மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம் இயக்கும் ‘ஷட்டில் தெப்ராவ்’ சேவை, புறப்பட்ட ஐந்தே நிமிடத்தில் பயணியை வேறொரு நாட்டில் இறக்கிவிடுகிறது. 2015 ஜூலையில் தொடங்கிய இந்த ரயில், 1923-இல் ரயில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தின் மீது சென்று வருகிறது. எல்லையைக் கடக்க இன்று இருக்கும் பொதுப் போக்குவரத்து வழிகளில் நேரத்தைக் கணக்கிட்டு நம்பக்கூடியது இதுதான் என்பது, சிங்கப்பூரில் வசித்துக்கொண்டு ஜோகூரில் உறவினரை வைத்திருக்கும் எனது முடிவு. இருப்பினும் இதன் கட்டணமும் சோதனை முறையும் ஏன் இப்படி அமைந்துள்ளன என்று கேட்கும் எவருக்கும், இந்த இரு நாடுகளும் ஏன் ஒன்றாக இருக்க முடியாமல் போயின என்பதைச் சொல்லாமல் முழுமையான பதில் தர இயலாது. எனவே இம்மதிப்புரையில் ரயிலையும் வரலாற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். ஜோகூர் பாருவிலிருந்து புறப்பட்டால் 5 மலேசிய ரிங்கிட். உட்லண்ட்ஸிலிருந்து புறப்பட்டால் 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). எண் ஒன்றுதான், ஆனால் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு இன்று மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் என்பதால், ஒரே தண்டவாளத்தில் ஒரே தூரத்துக்குத் தெற்கிலிருந்து வடக்கே செல்பவர் மூன்று மடங்குக்கும் அதிகமாகச் செலுத்துகிறார். 1967 வரை இரு நாடுகளிலும் புழங்கியது ஒரே நாணயம் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அரசியலில் பிரிந்த பிறகும் ஈராண்டுகள் பணத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். தனித்தனி நாணயம் வெளியிட்ட பின்னரும் 1973 வரை இரண்டும் சம மதிப்பில் மாற்றிக்கொள்ளப்பட்டன. அந்த ஆண்டு மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது, புருணை மட்டும் இன்றளவும் சிங்கப்பூருடன் அதைத் தொடர்கிறது. சமமாகத் தொடங்கிய இரு நாணயங்களுக்கிடையே அரை நூற்றாண்டில் வளர்ந்த இடைவெளிதான், நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தக் கடற்பாலத்தைக் கடப்பதற்கு முதன்மைக் காரணம். ஜோகூரில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூரில் சம்பாதிக்கும் தொழிலாளிக்கு மாலை தோறும் 5 வெள்ளி என்பது சிறிய தொகையன்று. அவர்கள் பெரும்பாலும் பேருந்தையே நம்பியிருப்பதில் வியப்பில்லை. அன்றாடம் சென்று வருவோருக்கு இந்தக் கட்டணத்தில் சலுகை இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த இடைவெளி எங்கே தொடங்கியது என்று தேடினால், பெரும்பாலானோர் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965 ஆகஸ்ட் 9 என்ற நாளைச் சுட்டுவார்கள். உண்மையில் முதல் பிரிவு 1946-இலேயே நிகழ்ந்துவிட்டது. போருக்குப் பின் பிரிட்டிஷார் மலாயாவின் மாநிலங்களையெல்லாம் மலாயன் யூனியன் என ஒன்றிணைத்தபோது, சிங்கப்பூரை மட்டும் தனிக் குடியேற்ற நாடாக ஒதுக்கி வைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கடற்படைத் தளம் தேவைப்பட்டது. அதோடு, சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தத் தீவைச் சேர்த்தால் மலாய்க்காரர்களின் ஒப்புதல் கிடைக்காது என்ற கணக்கும் இருந்தது. மலாயா 1957-இல் சுதந்திரம் பெற்றபோதும் சிங்கப்பூர் அதற்கு வெளியேதான் நின்றது. ஆகவே 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோது சிங்கப்பூர் சேர்ந்ததே விதிவிலக்கு என்றும், இரண்டாண்டு கூட நிறைவடையாத அந்த இணைப்பைத் தவிர்த்தால் இரண்டும் தனித்தனி ஆட்சிகளாகவே இருந்து வந்துள்ளன என்றும் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

இணைப்பை இரு தரப்பும் விரும்பியதற்குக் காரணங்கள் வேறுவேறாக இருந்தன. இயற்கை வளமோ உள்நாட்டுச் சந்தையோ இல்லாத துறைமுக நகரமான சிங்கப்பூர், தீபகற்பத்தோடு ஒரே சந்தையாக இணையாவிட்டால் தன் மக்களுக்கு வேலை தர முடியாது என்று அஞ்சியது. கோலாலம்பூரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானோ, தெற்கு வாசலில் ஓர் இடதுசாரி நாடு தோன்றிவிடக்கூடாது என்று எண்ணினார். ஆனால் மலாயாவோடு சிங்கப்பூரை மட்டும் சேர்த்தால் சீனர்களின் எண்ணிக்கை மலாய்க்காரர்களை மிஞ்சிவிடும் என்பதால், போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் ஆகியவையும் கூட்டரசில் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூருக்குக் கல்வியிலும் தொழிலாளர் துறையிலும் தன்னாட்சி கிடைத்தது. அதற்கு ஈடாக 159 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 15 இடங்களே தரப்பட்டன.

இந்த ஏற்பாட்டில் பொருளாதாரப் பூசல் விரைவிலேயே வெடித்தது. வாக்களிக்கப்பட்ட பொதுச் சந்தை உருவாகவில்லை. சிங்கப்பூர் மத்திய அரசுக்குச் செலுத்தி வந்த 40 விழுக்காட்டு வருவாய்ப் பங்கை 60 விழுக்காடாக உயர்த்தக் கோலாலம்பூர் கேட்டது. பணத் தகராறு மட்டுமாக இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். தீர்க்க முடியாமல் போனது குடியுரிமை என்றால் என்ன என்ற கேள்விதான். மலேசிய அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் அரசுப் பணி, உதவிச் சம்பளம், தொழில் உரிமம் ஆகியவற்றில் ஒதுக்கீட்டுக்கு வழி செய்கிறது. தன் சொந்த மண்ணில் பொருளாதாரத்தில் பின்தங்கிவிட்ட ஒரு சமூகத்தின் அச்சத்துக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி அது. சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ குவான் யூவும் அவருடைய மக்கள் செயல் கட்சியும் முன்வைத்த ‘மலேசியர்களின் மலேசியா’ என்ற முழக்கம், எந்த இனத்துக்கும் முதன்மை தராத குடியுரிமையைக் கோரியது. துங்குவின் கட்சியினர் அதைத் தங்கள் உறுதிமொழியின் அடித்தளத்தையே அசைக்கும் முயற்சியாகக் கண்டார்கள். 1964-இல் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் தேர்தலில் நின்று ஒரே ஓர் இடத்தை, பங்சார் தொகுதியை, தேவன் நாயர் மூலம் வென்றது. எண்ணிக்கையில் ஒன்றே ஆயினும் துங்கு தலைமையிலான ஆளும் கூட்டணியின் கோட்டைக்குள் காலடி வைத்ததாகவே அது கருதப்பட்டது. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் மூண்ட இனக்கலவரங்களில் 36 பேர் உயிரிழந்தார்கள்.

அந்த 36 உயிர்களை நினைக்கும்போதெல்லாம், பிரிவை வெறும் அரசியல் தோல்வியாக மதிப்பிடுவது சரியன்று என்று எனக்குத் தோன்றுகிறது. இலண்டனில் நோயுற்றிருந்தபோது பிரிவே வழி என்று முடிவுக்கு வந்த துங்கு, நாடு திரும்பியதும் அதை நிறைவேற்றினார். சிங்கப்பூர்த் தரப்பில் நிதி அமைச்சர் கோ கெங் சுவீயும் சட்ட அமைச்சர் எட்வர்ட் பார்க்கரும் இரகசியமாகப் பேச்சு நடத்தி முடித்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று மலேசிய மக்களவையில் 126 வாக்குகளோடு, எதிர் வாக்கு ஒன்றுகூட இன்றித் தீர்மானம் நிறைவேறியது. பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கிய சிங்கப்பூர் அமைச்சர்கள் யார் என்று பார்த்தால் இந்தப் பிரிவின் வேதனை புரியும். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினமும், பேராக்கில் பிறந்த தோ சின் சாய்யும், தங்கள் உறவினர்கள் வாழும் நிலம் அயல்நாடாக மாறுவதை ஏற்க முடியாமல் தவித்தார்கள். அதே ராஜரத்தினம்தான் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். ‘இனம், மொழி, சமயம் பாராமல்’ ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்ற தேசியப் பற்றுறுதியை 1966-இல் எழுதியவரும் அவரே.

இனி ரயிலின் இரண்டாவது சிறப்பான குடிநுழைவுச் சோதனைக்கு வருகிறேன். உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் செல்பவர், சிங்கப்பூர் அதிகாரிகளின் சோதனையையும் மலேசிய அதிகாரிகளின் சோதனையையும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து முடித்துக்கொண்டுதான் ரயிலேறுகிறார். ஆகவே ஜோகூர் பாருவில் இறங்கியதும் நேராக நகருக்குள் நடந்துவிடலாம். எதிர்த்திசையில் இந்த வசதி இல்லை. மலேசியச் சோதனையை ஜோகூர் பாரு சென்ட்ரலிலும் சிங்கப்பூர்ச் சோதனையை இறங்கிய பின் உட்லண்ட்ஸிலும் தனித்தனியே முடிக்க வேண்டும். அவ்வாறாயினும், இரு சாவடிகளிலும் பெட்டிப் பைகளோடு இறங்கி மீண்டும் பேருந்துக்காக வரிசையில் நிற்கும் பயணத்தோடு ஒப்பிட்டால், முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோருக்கு இது பெரும் நிம்மதி.

சிங்கப்பூர் மண்ணில் மலேசிய அதிகாரிகள் அமர்ந்திருக்கும் இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் நெடிய பிணக்கு ஒன்று உண்டு. நாடு பிரிந்தபோது தண்டவாளம் பிரியவில்லை. வடக்கே உட்லண்ட்ஸ் முதல் தெற்கே தஞ்சோங் பகார் நிலையம் வரை தீவின் ஊடே சென்ற ரயில் நிலம் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தது. 1998-இல் சிங்கப்பூர் தன் சோதனைச்சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியபோது மலேசியா தன் சோதனைச்சாவடியைத் தஞ்சோங் பகாரிலிருந்து நகர்த்த மறுத்தது. அதன் விளைவாக, வடக்கே செல்லும் பயணி சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டதாகக் கணக்கிடும் விந்தையான நிலை பல்லாண்டுகள் நீடித்தது. ரயில் நிலம் குறித்து 1990-இல் உடன்பாடு ஏற்பட்டும் அதன் பொருளை இரு தரப்பும் வெவ்வேறாக எடுத்துக்கொண்டதால் இருபது ஆண்டுகள் கழித்து, 2010-இல்தான் நிலப் பரிமாற்றத்தின் மூலம் தீர்வு காணப்பட்டது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்டிச் சென்றார். அந்தப் பாதை இன்று தீவின் குறுக்கே மக்கள் நடந்து மகிழும் பசுமை வழித்தடமாகிவிட்டது.

வண்டியினுள் குறிப்பிட்டுச் சொல்ல அதிகமில்லை. பெட்டிகள் குளிரூட்டப்பட்டவை, இருக்கைகள் போதுமானவை; ஐந்து நிமிடத்துக்கு அதற்கு மேல் எதிர்பார்க்கத் தேவையில்லை. பயணிகள் சன்னலுக்கு வெளியே கவனிக்க வேண்டியவை கடற்பாலத்தோடு செல்லும் தண்ணீர்க் குழாய்கள்தாம். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் நீரை, ஆயிரம் காலனுக்கு 3 சென் (ஒரு ரிங்கிட் 100 சென்) என்ற விலையில், 2061 வரை எடுத்துக்கொள்ளலாம். அந்நீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து ஆயிரம் காலன் 50 சென்னுக்கு ஜோகூருக்கே திரும்ப விற்கிறது. பிரிவினை ஒப்பந்தத்திலேயே இந்தத் தண்ணீர் உடன்பாடுகளுக்கு உத்தரவாதம் எழுதி வைத்தார்கள் என்பதை, இரு நாட்டுத் தலைவர்களும் கசப்பின் நடுவே காட்டிய முதிர்ச்சியாகவே நான் மதிக்கிறேன். விலை மிகக் குறைவு என்று மலேசியாவும், ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்ற முடியாது என்று சிங்கப்பூரும் சொல்லிவந்த போதிலும் குழாயில் நீர் நின்றதில்லை. மழைநீர்த் தேக்கங்கள், கடல்நீர்ச் சுத்திகரிப்பு, பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கும் ‘நியூவாட்டர்’ ஆலைகள் என்று சிங்கப்பூர் தன் காலில் நிற்க முயன்றதற்கும் இந்தச் சார்பே தூண்டுகோல்.

இறங்கிய பிறகு கண்ணில் படும் வேறுபாடுகளில், தமிழர் என்ற முறையில் என் மனத்தில் ஆழப் பதிந்தவை மொழியும் பள்ளியும்தான். சிங்கப்பூரில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழி. நாணயங்களில் ‘சிங்கப்பூர்’ என்ற தமிழ் எழுத்துகளைப் பார்க்கலாம். ஆனால் தமிழில் பாடம் நடத்தும் பள்ளி அங்கே ஒன்றுகூட இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது, இப்போது தமிழ் ஒரு தாய்மொழிப் பாடமாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. கடற்பாலத்துக்கு அப்பால் நிலைமை தலைகீழ். மலேசியாவில் தமிழுக்கு அதிகாரத்துவ இடம் இல்லை, மலாயே தேசிய மொழி. ஆனால் ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றிய தமிழ்ப் பள்ளிகள் இன்றும் 500-க்கு மேல் இயங்குகின்றன. அங்கே ஆறாண்டு காலம் கணிதமும் தமிழில் கற்க வழியுண்டு. எது மேல் என்று உறவினர் கூடும்போதெல்லாம் எங்கள் வீட்டில் வாதம் எழுகிறது. அரசு ஏற்பு இருந்தும் புழக்கம் குறைந்த மொழியைக் காட்டிலும், வகுப்பறையில் பேசிச் சிந்திக்கப்படும் மொழிக்கு ஆயுள் அதிகம் என்பது என் நம்பிக்கை. தைப்பூசத்தையும் இங்கே சொல்ல வேண்டும்: ஜோகூர் உள்ளிட்ட மலேசிய மாநிலங்கள் பலவற்றில் அது பொது விடுமுறை. சிங்கப்பூரிலோ 1968 முதல் விடுமுறைப் பட்டியலில் இல்லை, ஆனாலும் காவடிகள் ஆண்டுதோறும் சாலையில் செல்கின்றன.

அரசமைப்பிலும் இதே முரணைக் காணலாம். மலேசியாவில் ஒன்பது அரச பரம்பரைகளிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருவர் மாமன்னராகிறார், சிங்கப்பூர் குடியரசு. ஆயினும் சிங்கப்பூரின் தேசிய மொழியும் தேசிய கீதத்தின் மொழியும் மலாய்தான். மலாய்க்காரர்கள் அந்நாட்டின் பூர்வகுடிகள் என்ற சிறப்பு நிலையை அதன் அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவும் ஏற்கிறது. ஒதுக்கீடு இல்லாத அந்த ஏற்புக்கும், ஒதுக்கீட்டோடு கூடிய மலேசியாவின் 153-ஆம் பிரிவுக்கும் இடையில்தான் இரு நாடுகளும் நிற்கின்றன. கோலாலம்பூரில் மூண்ட 1969 மே இனக்கலவரத்துக்குப் பின், 1971-இல் மலாய்க்காரர்களுக்கான ஒதுக்கீட்டை விரிவாக்கிய புதிய பொருளாதாரக் கொள்கை வந்ததோடு மலேசியாவின் பாதை உறுதிப்பட்டது. சிங்கப்பூரும் தன் வழியில் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. 1996-இல் லீ குவான் யூ, மலேசியா தகுதி அடிப்படையிலான முறையை மேற்கொண்டால் மீண்டும் இணைவதைப் பற்றி எண்ணலாம் எனப் பேசியபோது இரு பக்கமும் ஆர்வம் காட்டவில்லை. இன்று இராணுவமும் பள்ளிக்கூடமும் ஓய்வூதிய நிதியும் தனித்தனியே வளர்ந்துவிட்ட நிலையில், மறுபடி இணைவதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இணையாமலே நெருங்கி வாழும் வழியை இந்த இரயில் போன்ற சேவைகள் காட்டுகின்றன, 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல உடன்பாடும் அதே திசையில் எடுத்து வைத்த அடிதான்.

பயணம் செய்ய நினைப்போருக்குச் சில குறிப்புகள். பயணச்சீட்டை கேடிஎம்மின் இணையத்தளத்திலோ செயலியிலோ முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் உரிய சீட்டுகள் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடும், இருக்கைகளின் எண்ணிக்கை தேவைக்கு மிகக் குறைவு என்பதே இச்சேவையின் பெருங்குறை. புறப்படும் நேரத்துக்கு முன்பே வாயில் மூடப்படும் என்பதால் கடைசி நிமிடத்தில் ஓடி வந்து ஏறலாம் என்று எண்ணக்கூடாது. தமிழகத்திலிருந்து வரும் இந்தியக் கடப்பிதழ்தாரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இன்றி அனுமதித்து வருகிறது, சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். ஆகவே சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் சென்று திரும்புவதானால், விசாவில் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரு நாட்டு இணைய வருகை அட்டைகளையும் பயணத்துக்கு முன் நிரப்பிவிடுங்கள். அவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஜோகூர் பாரு சென்ட்ரலில் இறங்கினால், சுவரும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் மின்னும் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்துக்கு நடந்தே போகலாம்.

இந்தச் சேவை நெடுநாள் நீடிக்கப்போவதில்லை. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஆர்டிஎஸ் எனும் புதிய விரைவு ரயில் பாதையை 2026 இறுதியளவில் முடிக்க இரு அரசுகளும் திட்டமிட்டன. அது இயங்கத் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும் என்பது ஒப்பந்தம். புதிய ரயில் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு திசையிலும் 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும். இரு நாட்டுச் சோதனைகளும் இரு திசைகளிலும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். மேலே நான் சுட்டிய குறைகளில் இருக்கைப் பற்றாக்குறையும் சோதனையின் ஒருதலை வசதியும் அதோடு தீர்ந்துவிடும். எஞ்சுவது கட்டணம். அன்றாடம் எல்லை தாண்டி உழைக்கும் மலேசியத் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய தொகையாகப் புதிய ரயிலின் கட்டணத்தை வைத்தால்தான், பேருந்துச் சாவடிகளில் விடியற்காலையில் நிற்கும் வரிசைகள் குறையும்.